கழுத்துல ஒரு எலும்பு ஜாஸ்தி, அதுக்காக உடனே ஆபரேஷனா?

கேள்வி: மேடம், எனக்கு 37 வயசு. சொந்த ஊர் திருநெல்வேலி பக்கம், 15 வருஷமா மும்பை பக்கம் டோம்பிவிலி. காட்கோபர்ல ஒரு பியூட்டி பார்லர்ல வேலை, பாதி நாள் ஹேர் டிரையரும் கையுமாதான் நிப்பேன். எட்டு மாசமா வலது கையில சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப் போகுது, முழங்கைக்குக் கீழ உள்பக்கமா ஒரு இழுப்பு வலி, காலர் போனுக்கு மேல அமுக்கினா உயிர் போகுது. லோக்கல் ட்ரெயின்ல மேல கைப்பிடிய பிடிச்சு நின்னா தாணே வர்றதுக்குள்ள கை செத்துப் போன மாதிரி ஆயிடுது. முதல்ல ஸ்பாண்டிலைட்டிஸ்னு கழுத்துக்கு காலர் போடச் சொன்னாங்க, அப்புறம் இன்னொருத்தர் மணிக்கட்டுல நரம்பு அமுங்குது, கார்ப்பல் டன்னல்னு மணிக்கட்டுக்கு பட்டி குடுத்தார், நெர்வ் டெஸ்ட் எடுத்தா நார்மல். எம்.ஆர்.ஐ.ல டிஸ்க் பெருசா ஒண்ணுமில்லைன்னாங்க. கடைசியா எக்ஸ்ரேல ரெண்டு பக்கமும் சர்விக்கல் ரிப், அதாவது கழுத்துல கூடுதலா ஒரு விலா எலும்பு இருக்கு, இது கழுத்துலேர்ந்து கைக்குப் போற நரம்பும் ரத்தக்குழாயும் அமுங்குற தொராசிக் அவுட்லெட் சிண்ட்ரோம், எலும்ப எடுத்துடலாம்னு ஒரு சர்ஜன் சொல்லிட்டார். எலும்ப எடுத்தா கை விளங்காம போயிடும்னு அம்மா ஃபோன்ல அழுறாங்க. வேலைய விட்டுடுன்னு வீட்டுக்காரர் சொல்றார். எக்சர்சைஸ்ல சரியாகுமா, இல்ல ஆபரேஷன்தானா? (பேர் வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க.)

பதில்:

வாங்கம்மா. முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், நான் பிசியோதெரபிஸ்ட், கத்தி பிடிக்கிறவ இல்ல, அதனால ஆபரேஷன் வேண்டாம்னு நான் சொன்னா அது என் தொழில் பாசம்னு நீங்க நினைக்கலாம், நினைச்சுக்கோங்க தப்பில்ல. ஆனா 22 வருஷமா மாட்டுங்காவுல உக்காந்து இந்த மாதிரி கைகளைப் பாத்துட்டிருக்கேன், டிரையர் பிடிக்கிறவங்க, பெயிண்ட் அடிக்கிறவங்க, தாராவியில மெஷின்ல குனிஞ்சே இருக்குற டெய்லருங்க, எல்லாரும் ஏறக்குறைய இதே கதையத்தான் சொல்வாங்க, கழுத்து டாக்டர், மணிக்கட்டு டாக்டர், அப்புறம் "உனக்கு ஒண்ணுமில்ல, டென்ஷன்"னு சொல்ற டாக்டர். உங்களுக்கு அந்த மூணாவது ஆள் வரலையேன்னு சந்தோஷப்படுங்க.

உங்க லெட்டர்ல எனக்கு பளிச்சுனு பட்டது ரெண்டு விஷயம். எக்ஸ்ரேல எலும்பு ரெண்டு பக்கமும் இருக்கு, ஆனா மரத்துப் போறது வலது கை மட்டும்தான். அந்த எலும்பு நேத்து முளைச்சதில்ல, நீங்க பொறக்கும்போதே கூட வந்தது, 36 வருஷம் உங்க ரெண்டு தோளுக்கும் தொந்தரவு குடுக்காம சும்மா கெடந்தது. இடது பக்கம் இன்னிக்கும் சும்மாதான் கெடக்கு. அப்ப எலும்பு மட்டும் குத்தவாளின்னு எப்படி சொல்றது? நூறு பேர எடுத்தா ஒருத்தருக்கும் குறைவாத்தான் இந்த கூடுதல் விலா இருக்கும், அந்த ஒருத்தர்லயும் பெரும்பாலானவங்களுக்கு அது இருக்கறதே தெரியாது, வேற எதுக்கோ எக்ஸ்ரே எடுக்கப் போய் தெரிய வரும். எலும்பு இடத்த கொஞ்சம் இறுக்கமா வச்சிருக்கு, அது நிஜம். மிச்ச இறுக்கத்த சேத்தது டிரையர், லோக்கல், தோள்ல தொங்குற பை. இதுல மாத்த முடிஞ்சது எது மாத்த முடியாதது எதுன்னு பாத்துட்டு அப்புறம் ஆபரேஷன் பத்திப் பேசலாம்.

உள்ள என்ன நடக்குதுன்னு கொஞ்சம் சொல்றேன், அது புரிஞ்சாத்தான் மத்தது புரியும். உங்க கழுத்து பக்கத்துல விரல வச்சு ஆழமா மூச்ச இழுங்க, ரெண்டு கயிறு மாதிரி விறைக்கும் பாருங்க, அந்த இடத்துல இருக்குறது ஸ்கேலீன் தசைகள். அதுங்க கழுத்துப் பக்க முதுகெலும்புல ஆரம்பிச்சு முதல் விலா எலும்புல வந்து ஒட்டுது. முன் ஸ்கேலீனுக்கும் நடு ஸ்கேலீனுக்கும் நடுவுல ஒரு சந்து, கைக்குப் போற மொத்த நரம்புக் கொத்தும், பிராக்கியல் பிளெக்சஸ்னு பேரு, கைக்கு ரத்தம் கொண்டு போற தமனியும் அந்த சந்து வழியாத்தான் வரணும். அடுத்து காலர் போனுக்கும் முதல் விலாவுக்கும் நடுவுல இன்னொரு இடுக்கு, இங்க ரத்தத்த திருப்பிக் கொண்டு போற சிரையும் வந்து சேந்துக்கும். அதுக்கப்புறம் நெஞ்சோட மேல் ஓரத்துல பெக்டோராலிஸ் மைனர்னு ஒரு சின்ன தசை, அதுக்கு அடியில நுழைஞ்சுதான் அக்குளுக்கே வரும். ஆக மூணு இடத்துல நெருக்கடி, சயான் சர்க்கிள் மாதிரி எங்க ஜாம் ஆனாலும் பின்னாடி வரைக்கும் நிக்கும். கைய மேல தூக்கினா இந்த இடுக்குகள் இன்னும் சுருங்கும், அதான் கைப்பிடி பிடிச்சா மரக்குது.

உங்களுக்கு சர்விக்கல் ரிப் வேற இருக்கே, சில சமயம் அந்த சின்ன எலும்போட நுனியிலேர்ந்து முதல் விலா வரைக்கும் நார் மாதிரி ஒரு பட்டை ஓடும், அது எக்ஸ்ரேல தெரியாது, அந்த நரம்புக் கொத்தோட கீழ் நரம்பு அது மேல ஏறி இறங்கித்தான் போகணும். சுண்டு விரலும் மோதிர விரலும் பாதிக்கிறது அந்த கீழ் நரம்பாலதான். கார்ப்பல் டன்னல்னா கட்டை விரல், ஆள்காட்டி, நடு விரல் பக்கம் வரணும், நடு ராத்திரியில எழுந்து கைய உதறணும். சரி, முழங்கையில நரம்பு அமுங்கினாலும் சுண்டு விரல் மரக்குமேன்னு கேக்கலாம், ஆனா அந்த மரத்துப் போறது மணிக்கட்டோட நின்னுடும். முழங்கைக்குக் கீழ உள்பக்கமும் வலிக்குதுன்னு எழுதியிருக்கீங்க இல்லையா, அந்த தோலுக்கு உணர்ச்சி குடுக்குற நரம்பு தனியா மேலேர்ந்தே பிரிஞ்சு வருது. அந்த ஒரு வரிதான் எனக்கு உங்க சர்ஜன் சரியான திசையிலதான் போறார்னு சொல்லுச்சு.

நெர்வ் டெஸ்ட் நார்மல்னா வியாதி இல்லைன்னு அர்த்தமில்லம்மா. கைய தளர்வா வச்சுப் படுக்க வச்சுத்தானே எடுத்தாங்க, அந்த நிலையில உங்களுக்கே மரக்காதே. நரம்பு செத்துப் போயிருந்தா காட்டும், அப்பப்ப அமுங்கி அமுங்கி விடுறத அது காட்டறது கஷ்டம். இதுக்கு "ஆமா, இதுதான்"னு அடிச்சு சொல்ற ஒரே டெஸ்ட் எதுவும் கிடையாது, கை வச்சுப் பாத்து, மத்ததெல்லாம் இல்லைன்னு கழிச்சுக் கழிச்சுத்தான் வரணும். மணிக்கட்டுல நாடி பிடிச்சுக்கிட்டு தலைய திருப்பச் சொல்ற டெஸ்ட் பண்ணியிருப்பாங்க, நல்லா இருக்குற ஆளுக்கே அதுல நாடி மறையும், அத நான் பெருசா எடுத்துக்க மாட்டேன். ரெண்டு கையையும் போலீஸ்ல சரண்டர் ஆகுற மாதிரி தூக்கி மூணு நிமிஷம் விரல மூடி மூடித் திறக்கச் சொல்வாங்க, அது பரவாயில்ல. மார்புக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்தாச்சான்னு மட்டும் கேட்டுக்கோங்க, நுரையீரலோட உச்சியில கட்டி இருந்தாலும் இதே விரல்கள்ல இதே வலி வரும், உங்களுக்கு இருக்குன்னு சொல்லல, ஒரு படத்துல தெரிஞ்சுக்க வேண்டியத ஏன் விடணும்.

இப்ப வகை. எது அமுங்குதுங்கறத வச்சு இது மூணு ஜாதி. நரம்பு அமுங்கறது, சிரை அமுங்கறது, தமனி அமுங்கறது. நூத்துக்கு தொண்ணூறுக்கு மேல நரம்பு வகைதான், நீங்க எழுதினத வச்சு உங்களதும் அதுதான். மத்த ரெண்டும் வந்தா என்கிட்ட வரவே கூடாது. செம்பூர்ல ஜிம்முக்குப் போற ஒரு பையன், 24 வயசு, புல் அப்ஸ் பண்ணின மறுநாள் கை முழுக்க வீங்கி கத்திரிக்கா கலர்ல ஆயிருக்கு, தசை பிடிப்புன்னு எங்கயோ ஜெல் குடுத்திருக்காங்க, நாலு நாள் கழிச்சு ஐஸ் ஒத்தடத்துக்கு என்கிட்ட வந்தான். சட்டையக் கழட்டினா தோள்லயும் நெஞ்சுலயும் சிரையெல்லாம் புடைச்சு வலைப் பின்னல் மாதிரி. நான் தொடக்கூட இல்ல, ஆட்டோ பிடிச்சு கேஷுவாலிட்டிக்கு அனுப்பினேன், ரத்த ஓட்டம் பாக்குற டாப்ளர் ஸ்கேன்ல சிரையில ரத்தக்கட்டி. உள்ள குழாய் விட்டு மருந்து செலுத்தி கட்டிய கரைச்சாங்க, அப்புறம் முதல் விலாவ எடுத்தாங்க. கட்டி வந்து ரெண்டு வாரத்துக்குள்ள போனாத்தான் அந்த கரைக்கிற வைத்தியம் நல்லா எடுக்கும். லண்டன்ல பேஜெட் 1875-லயும் வியன்னாவுல ஷ்ரோட்டர் 1884-லயும் எழுதி வச்ச வியாதி, அவங்க ரெண்டு பேர் பேருலயேதான் இன்னிக்கும் இருக்கு, இன்னும் ஜெல் தடவிட்டிருக்கோம். தமனி வகை ரொம்ப அபூர்வம், ஆனா சர்விக்கல் ரிப் இருக்குறவங்களுக்குத்தான் அதிகமா வரும், அதனால உங்களுக்கு சொல்றேன்: விரல் வெள்ளையா சில்லுனு ஆகி, நுனியில கறுப்பு புள்ளி விழுந்தா அன்னிக்கே ஆஸ்பத்திரி. இந்த ரெண்டு வகையிலயும் எக்சர்சைஸா ஆபரேஷனான்னு யோசிக்கிற கேள்வியே இல்ல.

நரம்பு வகையிலதான் அந்தக் கேள்வி. அதுக்கு பதில், முதல்ல மூணு மாசம் ஒழுங்கான பிசியோ. ஒழுங்கானங்கற வார்த்தைய கவனிங்க. சூட்டு ஒத்தடம், கரண்ட், ட்ராக்‌ஷன்னு கழுத்துல எடை கட்டி இழுக்கறது, பத்து நாள் பாக்கேஜ், "பிசியோ பண்ணிப் பாத்தேன் மேடம் சரியாகல"ன்னு வர்றவங்கள்ல பாதிப் பேர் பண்ணினது இதுதான். ட்ராக்‌ஷன்ல ஏற்கெனவே நொந்து போன நரம்ப இன்னும் இழுக்கறோம், சில பேருக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கமே போயிடும்.

நானும் யோக்கியமில்ல. தொழிலுக்கு வந்த புதுசுல தாராவியிலேர்ந்து ஒரு டெய்லர் அண்ணாச்சி வந்தார், கூன் போட்டு உக்காந்து உக்காந்து தோள் முன்னாடி விழுந்திருந்தது. எல்லாருக்கும் சொல்ற மாதிரி "நெஞ்ச நிமித்துங்க, தோள பின்னாடி கீழ இழுங்க, நாள் பூரா அப்படியே வச்சுக்கோங்க"ன்னு சொல்லி அனுப்பிட்டேன். ரெண்டு வாரம் கழிச்சு வந்து, கோவமில்லாமத்தான் சொன்னார், "நீங்க சொன்ன மாதிரி நிக்கும்போதுதாம்மா ஜாஸ்தியா மரக்குது." அப்பத்தான் எனக்கு உறைச்சுது. மிலிட்டரிக்காரன் மாதிரி தோள பின்னாடி கீழ இழுத்து நிக்கச் சொல்றது, இந்த வியாதி இருக்கான்னு கண்டுபிடிக்க காலேஜ்ல சொல்லிக் குடுத்த டெஸ்ட்! காலர் போன் போய் முதல் விலா மேல உக்காரும். டெஸ்ட்ட போய் வைத்தியம்னு எழுதிக் குடுத்திருக்கேன். அதனால யூட்யூப்ல யாராவது தோள இழுத்து நில்லுன்னு சொன்னா நீங்க கேக்காதீங்க. தோள் தொங்கிப் போனவங்களுக்கு தோள்பட்டை எலும்பு லேசா மேல ஏறி நிக்கணும், கண்ணுக்குத் தெரியாத அளவு, ஒரு விரல் அகலம் கூட வேண்டாம்.

எக்சர்சைஸ்ல நான் முதல் வாரம் குடுக்கறது மூச்சு மட்டும்தான், நிறைய பேர் இதுக்கா காசு குடுத்தோம்னு முகத்த சுளிப்பாங்க. விஷயம் என்னன்னா ஸ்கேலீன் தசை மூச்சுக்கும் வேலை செய்யுது, ஒவ்வொரு தடவையும் முதல் விலாவ மேல தூக்குது. வலியிலயும் அவசரத்துலயும் நாம மேல் நெஞ்சாலயே மூச்சு விட்டா அந்த தசைக்கு ஓய்வே இல்ல, நாள் பூரா விறைச்சு சந்த இறுக்கிட்டே இருக்கும். முட்டிய மடக்கி மல்லாந்து படுங்க, ஒரு கை வயித்து மேல, இன்னொரு கை காலர் போனுக்குக் கீழ, மேல் கை அசையாம வயித்துக் கை மட்டும் ஏறி இறங்கணும். காலையில அஞ்சு நிமிஷம் ராத்திரி அஞ்சு நிமிஷம். ரெண்டாவது வாரத்துல கழுத்த இடது பக்கம் மெதுவா சாய்ச்சு 20 எண்ணற வரைக்கும் வச்சு விடறது, மூணு தடவை, விரல்ல சுருசுருன்னு வந்தா அந்த இடத்துக்கு முன்னாடியே நிறுத்தணும். ஒரு துண்ட நீளமா சுருட்டி முதுகெலும்போட நெடுக்க வச்சு அதுமேல படுத்து கைய பக்கத்துல விரிச்சு விட்டா பெக்டோராலிஸ் மைனர் தானா தளரும், கைய தோளுக்கு மேல கொண்டு போகாதீங்க. அதுக்கப்புறம்தான் தோள்பட்டைய பிடிக்கிற தசைகளுக்கு, அதாவது செர்ரேட்டஸ், கீழ் ட்ரபீசியஸ், வேலை. சுவத்துல கை வச்சு தள்றது, குப்புறப் படுத்து கைய லேசா தூக்கறது, இதெல்லாம் நேர்ல ஒருத்தர் கை வச்சு சொல்லிக் குடுக்கணும், எழுத்துல வராது. நரம்ப நழுவ விடற ஒரு பயிற்சி இருக்கு, நெர்வ் கிளைடிங்னு சொல்வோம், மணிக்கட்ட மடக்கும்போது தலைய ஒரு பக்கம், விரிக்கும்போது மறுபக்கம், ஊசிக்குள்ள நூல அப்படியும் இப்படியும் இழுக்கற மாதிரி. பிடிச்சு நிறுத்தக் கூடாது, நரம்பு எலாஸ்டிக் இல்ல. டம்பெல், ரப்பர் பேண்ட் எல்லாம் கடைசி மாசத்துக்கு.

இன்னொண்ணு, நீங்க பார்லர்ல இருக்கறதால சொல்றேன், கூட வேலை செய்யற பொண்ணுங்க பாசத்துல கழுத்தப் பிடிச்சு டக்குனு சொடக்கு எடுத்து விடறேன்னு வருவாங்க, வேண்டவே வேண்டாம், நல்ல கழுத்துக்கே அதுல மூளைக்குப் போற தமனி கிழியற ஆபத்து இருக்கு.

எக்சர்சைஸ் தினம் அரை மணி நேரம், வேலை பத்து மணி நேரம், அப்ப எது ஜெயிக்கும்? அதனால மாத்த வேண்டியது அங்கதான் நிறைய. டிரையர் போடும்போது கஸ்டமரோட சேர முழுசா கீழ இறக்குங்க, நீங்க ஒரு பலகை மேல ஏறி நில்லுங்க, உங்க முழங்கை தோள் உயரத்துக்கு மேல போகவே கூடாது, அதுதான் கணக்கு. உச்சந்தலை முடிக்கு அவங்கள குனியச் சொல்லுங்க, நாம ஏன் எக்கணும். ப்ளோ டிரை ரெண்டு சேந்தாப்ல வந்தா நடுவுல ஒரு த்ரெடிங் எடுத்துக்கோங்க, முதலாளியம்மா கிட்ட சொன்னா புரிஞ்சுப்பாங்க, வேலைக்காரி மூணு மாசம் லீவ் போடறத விட இது அவங்களுக்கு லாபம். லோக்கல்ல மேல கைப்பிடி மூணு மாசத்துக்கு மறந்துடுங்க. லேடீஸ் டப்பாவுல பார்ட்டிஷன் பக்கம் முதுக சாய்ச்சு நின்னா கைப்பிடியே தேவையில்ல, இல்லைன்னா நிக்கிற கம்பிய இடது கையால நெஞ்சு உயரத்துல பிடிங்க, டோம்பிவிலியில ஏறவே இடமிருக்காது இதுல பார்ட்டிஷனாம்னு நீங்க சிரிக்கிறது எனக்கு கேக்குது, முடிஞ்ச நாள்ல டோம்பிவிலியிலேர்ந்தே கிளம்பற வண்டியா பாத்து ஏறுங்க, பதினஞ்சு நிமிஷம் முன்னாடி கிளம்பணும்னாலும் பரவாயில்ல. தோள்ல மாட்டற பை வேண்டாம், பட்டை நேரா காலர் போன் மேலதான் உக்காருது, முதுகுப் பையும் ரெண்டு பக்கமும் அதே வேலையத்தான் பண்ணும், இடுப்புல கட்டற சின்ன பை வாங்கிக்கோங்க, சாப்பாட்டு டப்பா இடது கையில. பிரா ஸ்ட்ராப் மெல்லிசா தோள்ல பள்ளம் விழற மாதிரி இருந்தா அகலமான ஸ்ட்ராப்புக்கு மாறுங்க, இத எந்த டாக்டரும் கேக்க மாட்டாங்க, கேக்கணும்.

வீட்டுல துணி காயப் போடற கம்பி கூரைக்குப் பக்கத்துல இருக்குமே, குச்சியால தூக்கித் தூக்கி போடறது, அத வீட்டுக்காரர் கிட்ட குடுத்துடுங்க. வேலைய விடுன்னு சொன்னாரில்ல, முதல்ல இந்த வேலைய அவர் எடுத்துக்கட்டும். தூங்கும்போது கைய தலைக்கு மேல போட்டுக்கிட்டு தூங்கறவங்களா நீங்க? அப்படின்னா இடது பக்கம் ஒருக்களிச்சுப் படுத்து ஒரு தலையணைய கட்டிப் பிடிச்சு வலது கைய அதுமேல வச்சுக்கோங்க, தோள் தொங்காம நிக்கும்.

மாத்திரை பத்தி சுருக்கமா. வலி மாத்திரை ரொம்ப மோசமான நாட்களுக்கு மட்டும், வயிறும் கிட்னியும் பாவம். நரம்பு வலிக்குன்னு பிரிகாபாலின், காபாபென்டின், அமிட்ரிப்டிலின் குடுப்பாங்க, எரிச்சலையும் ராத்திரி வலியையும் குறைக்கும், இடுக்கத் திறக்காது. தூக்கக் கலக்கம் வரும், முதல் ஒரு வாரம் ட்ரெயின் வாசப்பக்கம் நிக்காதீங்க, நிறுத்தணும்னா டாக்டரக் கேட்டு படிப்படியாத்தான். ஊசி ஒண்ணு இருக்கு, அல்ட்ராசவுண்ட் பாத்துக்கிட்டே ஸ்கேலீன் தசைக்குள்ள மரப்பு மருந்து போடறது. அதோட நிவாரணம் சில மணி நேரம்தான், ஆனா அந்த சில மணி நேரத்துல கைய தூக்கியும் மரக்கலைன்னா ஆபரேஷன் பண்ணா பலன் இருக்க வாய்ப்பு நல்லா இருக்குன்னு தெரிஞ்சுக்கலாம், கத்திய எடுக்கறதுக்கு முன்னாடி ஒத்திகை மாதிரி. போட்டாக்ஸ் போடலாம்னும் சொல்வாங்க, செலவு ஜாஸ்தி, 2011-ல கனடாவுல மருந்தும் வெறும் தண்ணியும் போட்டு ஒப்பிட்டுப் பாத்ததுல பெரிய வித்தியாசம் வரல, எனக்கு அதுல நம்பிக்கை கம்மி.

சரி, ஆபரேஷன். அம்மா கிட்ட சொல்லுங்க, எடுக்கறது கை எலும்ப இல்ல, விலா எலும்ப. முதல் விலா இல்லாம மனுஷன் நல்லா வாழ முடியும், கை தூக்க அது தேவையில்ல. அக்குள் வழியா போற முறை 1966-லேர்ந்து இருக்கு, தழும்பு வெளியில தெரியாது, காலர் போனுக்கு மேல வெட்டிப் போற முறையில நரம்புக் கொத்த நேராவே பாக்கலாம், சர்விக்கல் ரிப் இருக்குறவங்களுக்கு நிறைய சர்ஜன்கள் இந்த வழியத்தான் விரும்புவாங்க. ஸ்கேலீன் தசைய வெட்டி விட்டு, முதல் விலாவையும் கூடுதல் விலாவையும் எடுத்து, நார்ப் பட்டை இருந்தா அதையும் எடுப்பாங்க. சில பேருக்கு அமுங்கறது பெக்டோராலிஸ் மைனர் அடியில மட்டும்தான்னு தெரிஞ்சா அந்த தசைய மட்டும் வெட்டி விட்டாலே போதும், அது சின்ன ஆபரேஷன். பலன் இருக்கா? 2022-ல நெதர்லாந்துலேர்ந்து வந்த ஒரு ஆய்வு, பிசியோ பண்ணியும் சரியாகாத 50 பேர குலுக்கல் முறையில ரெண்டா பிரிச்சாங்க, மூணு மாசத்துல ஆபரேஷன் ஆனவங்களோட கை மத்தவங்கள விட நல்லா வேலை செஞ்சது. சின்ன ஆய்வுதான், ஆனா அதுல சேந்தவங்க யாருன்னு பாருங்க, பிசியோ பண்ணியும் சரியாகாதவங்க. நீங்க இன்னும் அந்த வரிசைக்கே வரல.

ஆபத்தும் சொல்லணும். பக்கத்துலயே நுரையீரல் உறை, அது கிழிஞ்சா காத்து போய் நெஞ்சுல குழாய் வைக்க வேண்டி வரும், சில நாள்ல சரியாயிடும். மூச்சு இழுக்கற தசையான உதரவிதானத்துக்குப் போற நரம்பு ஸ்கேலீன் மேலயே ஒட்டிட்டுப் போகுது, அது அடிபட்டா மூச்சு வாங்கும். நரம்புக் கொத்துலயே அடிபட்டா கையில பலவீனம் வரலாம், உங்கம்மா பயப்படறது முழுக்க மூட நம்பிக்கையும் இல்ல, பழகின சர்ஜன் கையில அது அபூர்வம், பழகாத சர்ஜன்னா எனக்கும் பயம்தான். அதனால சர்ஜன் கிட்ட கூச்சப்படாம கேளுங்க: இந்த ஆபரேஷன் நீங்க இதுவரைக்கும் எத்தனை பண்ணியிருக்கீங்க, கூடுதல் விலா மட்டும் எடுப்பீங்களா முதல் விலாவும் சேத்தா, ஏன், பண்ணியும் மரத்துப் போறது இருந்தா அடுத்து என்ன. ரத்தக்குழாய் பாக்குற வாஸ்குலர் சர்ஜனோ நெஞ்சு பாக்குற தொராசிக் சர்ஜனோ, இதுல பழகினவரா இருக்கணும். கேள்வி கேட்டதுக்கு கோவிச்சுக்கிட்டா எழுந்து வந்துடுங்க. இன்னொருத்தர் கிட்ட கருத்து கேக்க மறுபடி ஆயிரக்கணக்குல அழ வேண்டியதில்ல, கே.இ.எம்., சயான், நாயர் மூணு ஆஸ்பத்திரியிலயும் பிசியோதெரபி காலேஜே இருக்கு, கேஸ் பேப்பர் எடுத்துட்டு க்யூவுல நிக்கற பொறுமை வேணும் அவ்ளோதான், காலையில எட்டுக்கே போயிடுங்க, எல்லா ரிப்போர்ட்டையும் தேதி வரிசையில ஒரு ஃபைல்ல போட்டு எடுத்துட்டுப் போங்க. செலவு பத்தி யோசனை வந்தா மகாராஷ்டிரா அரசோட மகாத்மா ஜோதிராவ் புலே மருத்துவத் திட்டத்துல இது வருமான்னு அங்க இருக்குற ஆரோக்யமித்ரங்கற உதவி கவுன்ட்டர்ல ரேஷன் கார்டோட கேளுங்க.

ஒரு சின்ன நோட்டு வாங்கிக்கோங்க. டிரையர் பிடிச்சு எத்தனை நிமிஷத்துல மரக்க ஆரம்பிக்குதுன்னு வாரத்துக்கு ஒரு நாள், அதே கிழமை, எழுதுங்க. தினம் எழுதினா வியாதிதான் மனசுல நிக்கும். முதல் ஆறு வாரம் பெருசா ஒண்ணும் தெரியாது, அங்கதான் முக்காவாசி பேர் விட்டுட்டுப் போறாங்க. பன்னெண்டாவது வாரம் நாலு நிமிஷம் இருந்தது பத்து நிமிஷமாச்சுன்னா அப்படியே தொடருங்க. நாலு நாலாவே நின்னா, இல்ல குறைஞ்சா, அந்த நோட்டோட சர்ஜன் கிட்ட போங்க, அப்ப நான் ஆபரேஷன் வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். வேலைய விடறதப் பத்தி அதுக்கப்புறம் பேசலாம், இப்ப விட்டா கைக்கு எது உதவுச்சுன்னே தெரியாமப் போயிடும், போதாததுக்கு வீட்டுல உக்காந்து கையையே பாத்துட்டிருப்பீங்க.

ஒண்ணு கேக்க விட்டுப் போச்சு, இது இன்னிக்கு ராத்திரியே பாத்துடுங்க. ட்யூப் லைட்டுக்கு அடியில ரெண்டு உள்ளங்கையையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, கட்டை விரலுக்குக் கீழ இருக்குற மேட்டப் பாருங்க. ரெண்டும் ஒரே மாதிரி புசுபுசுன்னு இருந்தா நான் மேல சொன்ன மூணு மாச கணக்கு உங்களுக்கு சரி. வலது பக்கம் மேடு வத்தி குழி விழுந்த மாதிரி இருந்தாலோ, சட்டை பட்டன் போட, சாவி திருப்ப விரல் பலம் பத்தலைன்னாலோ, நரம்பு சாக ஆரம்பிச்சாச்சுன்னு அர்த்தம், அப்ப மூணு மாசமெல்லாம் காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே அந்த சர்ஜன் கிட்ட திரும்பிப் போய் உள்ளங்கையக் காட்டுங்க.